நிலமா, பையா? திருகோணமலையில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு

ஆவணி முடியும் நேரத்தில், இங்கே வீட்டுத்தோட்டம் செய்கிற இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வந்துவிடும்: இந்த முறை நிலத்திலா, பையிலா? 2022 இல் சாமான் விலை கைக்கெட்டாமல் போய், தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த நாட்களில், பை வாங்கி மண் நிரப்பாத வீடு நம் ஊரில் குறைவு. அந்தப் பைகள் பல இப்போது மதிலோரத்தில் வெயிலில் பொடிந்து கிடக்கின்றன. "பைத்தோட்டம் நமக்குச் சரிவராது" என்கிறார்கள் அந்த வீட்டுக்காரர்கள். அதே ஊரில் வருடம் தவறாமல் பையிலிருந்து தக்காளி ஆய்கிறவர்களும் இருக்கிறார்கள். நிலத்தில் நட்டதை எல்லாம் கார்த்திகை வெள்ளத்துக்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பருவத்துக்கு, எந்த மண்ணுக்கு என்று கேட்க வேண்டும். பெரும்பாலானோர் மாரியில் நிலத்தில் நடுகிறார்கள், மழைதான் தண்ணீர் ஊற்றுமே என்று. கோடையில் நிலம் காய்ந்துவிட்டது என்று பைக்கு மாறுகிறார்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது: மாரிக்குப் பை, கோடைக்கு நிலம். அதுவும் நிலத்தில் உயர்த்திய பாத்தி வேண்டாம், பள்ளமான குழி வேண்டும்.

நம் காலநிலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி நடுவிலிருந்து தை வரை, வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போகிறது. பிறகு வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று. நிலத்தைத் தாண்டி மேற்கே இருந்து வருகிற வறண்ட சூட்டுக் காற்று அது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தொடும் மாதங்கள் அவை. இலையிலும் மண்ணிலும் இருக்கிற ஈரத்தை வெயிலோடு சேர்ந்து வேகமாக உறிஞ்சுவது இந்தக் காற்றுதான். காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரி பதினொரு மணிக்குத் தலை தொங்கி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

இந்தக் காற்றில் கறுப்புப் பொலித்தீன் பைக்கு என்ன நடக்கிறது? பையின் மேற்குப் பக்கம் பின்னேர வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. செடியின் நுண்வேர்களில் பெரும்பகுதி பையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் வளரும். அந்த வேர்கள் அவிந்துபோகின்றன. அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடியால் குடிக்க முடியாது. மேலே பார்க்கிறவருக்குத் தண்ணீர் போதாது போலத் தெரியும், இன்னும் ஊற்றுவார், பசளை கரைந்து கீழே ஓடும். வளர்ந்த கத்தரி ஒன்று கச்சானில் ஒரு பகலில் குடிக்கும் தண்ணீரை ஒரு சின்னப் பையால் பிடித்து வைத்திருக்கவே முடியாது. காலையும் மாலையும் ஆள் நின்று ஊற்ற வேண்டும். இரண்டு நாள் மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு கலியாணத்துக்குப் போய்வந்தால் தோட்டம் முடிந்தது.

இதோடு உப்பும் சேர்கிறது. திருக்கடலூர், உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் கடலை ஒட்டிய கிணறுகள் ஆடி ஆவணியில் கரிக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரைப் பையில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணில் தங்கிவிடும். சில வாரங்களில் பையின் மேல் மண்ணில் வெள்ளையாகப் படிவது அதுதான். இலையின் ஓரம் கருகும். நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறவர்களை எனக்குத் தெரியும், மருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. நிலத்திலும் உப்பு சேரும்தான், ஆனால் அங்கே வேருக்குக் கீழே இறங்கிப் போக இடம் இருக்கிறது, அடுத்த மாரி மழை எல்லாவற்றையும் கழுவிவிடும். குழாய்த் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை, பில்தான் கவலை.

கோடைக்கு நான் குழியைச் சொல்வது இதனால்தான். சாம்பல்தீவில் ஒரு அக்கா சுத்தக் கடல் மணலில் கத்தரி வைத்து, ஆடி மாதத்திலும் காய் ஆய்ந்து அயல்வீடுகளுக்குக் கொடுக்கிறார். அவர் செய்வது இவ்வளவுதான். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி. அடியில் தேங்காய்ப் பொச்சை உட்புறம் மேலே பார்க்கும்படி நெருக்கி அடுக்கி, தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிடுகிறார். மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் அல்லவா, இந்தப் பொச்சு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பூவரசு, கிளிரிசிடியா இலைகள், மக்கிய மாட்டெரு, கொஞ்சம் செம்மண். குழியை முழுதாக நிரப்பாமல், சுற்று நிலத்தை விட நான்கு விரல் பள்ளமாக விடுகிறார். ஊற்றும் தண்ணீர் பக்கத்தில் வழியாது, காற்றும் மண்ணை நேரே தொடாது. கடைசியில் வைக்கோலோ காய்ந்த இலையோ போட்டு மூடிவிடுகிறார். "தம்பி, மண்ணுக்கு நிழல் குடுத்தாப் போதும், செடிக்கு நிழல் வேண்டாம்" என்பது அவர் சொல். எனக்குத் தெரிந்தவரை கோடைத் தோட்டத்துக்கு இதை விடப் பெரிய ஆலோசனை இல்லை.

நான் கூட்டிச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, தென்மேற்குப் பக்கமாக மரவள்ளித் தடிகளை நெருக்கி ஒரு வரிசை நட்டுவிடுங்கள். கச்சானை மறிக்கும், கிழங்கும் தரும். ஆனால் சித்திரையிலேயே நட்டுவிட வேண்டும், காற்று தொடங்கிய பிறகு நட்டால் அதைக் காப்பாற்றவே தண்ணீர் போதாது. இரண்டாவது, கோடையில் தக்காளியை விட்டுவிடுங்கள். அந்த வெப்பத்தில் பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி, பசளி ஆகியவைதான் நமக்குக் கோடைப் பயிர்கள். வெண்டியை நாற்றுப் போட்டு மாற்றி நட வேண்டாம், ஆணிவேர் நேரே இறங்கட்டும் என்று விதையைக் குழியிலேயே போடுங்கள். ஒன்றரை மாதத்தில் முதல் காய் ஆயலாம்.

மாரிக்கு வருவோம். இங்கே உங்கள் மண் எது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கம் வயலை ஒட்டிய வளவுகளில் களி மண். ஐப்பசியில் முதல் மழைக்கு அருமையாக இருக்கும், நட்டதெல்லாம் துளிர்க்கும். கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் வேரடியில் நிற்கும். கிண்ணியாவில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன் ஒருவர்) வரிசை வரிசையாக மிளகாய் வைத்திருந்தார், பூவும் பிஞ்சுமாக நின்றது. தொடர்ந்து பெய்த மழையில் வளவில் தண்ணீர் தேங்கி, வடிந்த பிறகு வெயில் அடித்த அன்றே எல்லாம் ஒருசேர வாடிவிட்டன. தண்ணீருக்குள் நின்ற வேருக்குக் காற்று கிடைக்காமல் அது அழுகியிருந்தது. அடுத்த வருடம் அவர் அதே மிளகாயைப் பைகளில் நட்டு, பைகளை இரண்டு வரிசைக் கல்லின் மேல் ஏற்றி வைத்தார். தையில் பொங்கலுக்கு வீட்டு மிளகாயை அயலுக்கு அனுப்பினார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் எப்படி ஏறியது என்று நமக்குத் தெரியும். அந்த அளவு வெள்ளத்துக்குப் பையும் தப்பாது, ஆனால் சாதாரண அடைமழைக்குப் பை நிச்சயம் தப்பும்.

மாரியில் பையின் குறைகள் எல்லாம் தாமாக விலகிவிடுகின்றன. வெயில் தணிந்திருப்பதால் வேர் அவியாது. மழைத் தண்ணீரில் உப்பு இல்லை, முன்பு படிந்த உப்பையும் அது கழுவிவிடும். ஊற்றுகிற வேலையும் பெரும்பாலும் இல்லை. பெருமழை என்றால் தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடலாம், கூரைத் தண்ணீர் நேரே விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். பாக்கி இருக்கிற ஒரே பிரச்சினை, மழை பையிலிருக்கும் சத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போவது. அதனால் பசளையை ஒரே தடவையில் போடாமல், மாட்டெருவைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது நல்லது. மீன் கழுவிய தண்ணீரும் நல்லதுதான். மீன் குடலைப் பைக்குள் புதைக்க வேண்டாம், இரவில் பூனையும் நாயும் பையையே கிழித்துவிடும். அதை முருங்கையடியில் ஆழப் புதையுங்கள்.

பைக்கு இன்னொரு பெரிய பலம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. நிலத்தில் பக்டீரியா வாடல் வந்துவிட்டால் தக்காளியும் கத்தரியும் அந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சாகும். நோய் மண்ணில் தங்கியிருக்கும். பச்சையாக நின்ற செடி இலை மஞ்சளாகாமலேயே திடீரென்று வாடினால் சந்தேகப்படுங்கள். தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீருக்குள் அசையாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போல வெள்ளை நூல் இறங்கினால் அந்த நோய்தான். மருந்து தேடி அலைய வேண்டாம். அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பத்தை நிறுத்திவிட்டுப் பயற்றையோ வெண்டியோ போடுங்கள், தக்காளியை வேறு இடத்து மண் நிரப்பிய பைக்கு மாற்றுங்கள். கடற்கரை மணலில் வட்டப்புழுவும் இதே போலத் தொல்லை தரும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். அதற்கும் பைதான் எளிய வழி.

சரி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் வளவு உள்ளவர்கள் மாரியில் என்ன செய்வது? அங்கே தண்ணீர் தேங்காது. வெங்காயம் செய்கிறவர்கள் அந்த மணலின் அருமையை அறிவார்கள். மணல் வளவுக்காரர்கள் மாரியிலும் நிலத்தில் நடலாம், பை கட்டாயமில்லை. எரு மட்டும் கூடுதலாக வேண்டும், அதையும் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். பள்ளமான வளவில் கார்த்திகையில் கிணற்று நீர்மட்டம் மேலே வருவதைக் கவனித்திருப்பீர்கள். அப்படி என்றால் நீர்மட்டம் ஏறி நிற்கும் காலத்துக்கு மட்டும் மணலைக் கூட்டி ஓரடி வரம்பு போட்டு அதன் மேல் நடுங்கள்.

சீமெந்துக் கல் வைத்துக் கட்டும் மேடைப்பாத்தி இப்போது பிரபலமாகிறது. பார்க்க அழகாக இருக்கும். களி மண் வளவில், குனிந்து வேலை செய்ய முடியாத வயதானவர்களுக்கு அது நல்ல முதலீடு. மணல் வளவில் அதே பணத்தை மாட்டெருவுக்குக் கொடுத்தால் பலன் அதிகம்.

பையை எதால் நிரப்புவது என்பதில்தான் தோல்விகளின் பெரும்பகுதி தொடங்குகிறது. வயல் மண்ணை மட்டும் நிரப்பினால் இரண்டு மாதத்தில் செங்கல்லாக இறுகிவிடும். கடல் மணலை மட்டும் நிரப்பினால் எதுவும் நிற்காது. மேல்மண், மக்கிய எரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலப்பது போதுமானது. தும்புத்தூளைப் பலமுறை அலசிக் கசடு இறக்கிய பிறகே சேருங்கள். மில்லில் உமிக்கரி கிடைத்தால் ஒரு பங்கு சேர்க்கலாம். கோழி எருவைப் புதிதாகச் சேர்க்கவே வேண்டாம், சூடு செடியை எரித்துவிடும், மாதக்கணக்கில் மக்கவிட்டே பயன்படுத்துங்கள். சின்னப் பை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 15 லீற்றர் மண் பிடிக்க வேண்டும். அரிசிச் சாக்கு, உரப்பை இரண்டும் கடைப் பையை விட நன்றாக மூச்சுவிடும், வெயிலில் ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும் என்பது மட்டும்தான் குறை.

நம் ஊருக்கென்றே ஒரு நல்ல பாத்திரம் இருக்கிறது: மீன் வாடிகளில் உடைந்து ஒதுக்கிய ரெஜிபோம் பெட்டி, அதாவது இலேசான வெள்ளை நுரைப் பெட்டி. மீனைக் குளிராக வைத்திருந்த அதே சுவர் வேரையும் குளிராக வைத்திருக்கும். கழுவி, அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டைகள் போட்டு நிரப்பினால் கீரையும் வல்லாரையும் அதில் கோடையிலும் நிற்கும். பை பற்றி நான் மேலே சொன்ன கோடைக் குற்றச்சாட்டு இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. நகரத்துக்குள் வளவே இல்லாமல் மேல் தட்டு (மொட்டைமாடி) மட்டும் உள்ள வீடுகளுக்கு முதலில் இதைத்தான் சிபாரிசு செய்வேன். தட்டின் கொங்கிறீட் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடும் என்பதால் பெட்டியை மரச்சட்டத்தின் மேல் வையுங்கள்.

நகரத்தில் மான்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோட்டையிலும் பஸ் நிலையப் பக்கமும் உலாவும் புள்ளிமான்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் ஆசைப்படுகிறார்கள், நமக்கும் அவை பிரியம்தான். இரவில் அவை மதில் இல்லாத வளவுக்குள் வந்து பயற்றைக் கொடியையும் வற்றாளை இலையையும் அரும்பு விடாமல் மேய்ந்துவிட்டுப் போகும். கட்டாக்காலி மாடுகள் ஊர் முழுக்கவே உண்டு. இந்த இரண்டுக்கும் தட்டில் வைத்த பை, பெட்டி தப்பும். நிலத்தில் நடுகிறவர்கள் முதல் செலவாக வேலியைச் செய்யுங்கள். மீனவர்கள் கழித்த பழைய வலையை ஆள் உயரத்துக்கு இரட்டையாகக் கட்டினால் மானுக்குப் போதும். குரங்கு வரும் இடங்களில் வலை நிற்காது. அங்கே குரங்கு அவ்வளவாகத் தொடாத பாவற்காய், மிளகாய் என்று பயிரை மாற்றுவதே நிம்மதி.

பூச்சி விஷயத்தில் நிலத்துக்கும் பைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பருவத்துக்குத்தான் வித்தியாசம். மழை குறைந்து மாசி பிறந்ததும் வெள்ளை ஈ ஏறும். அதோடு வெண்டியில் மஞ்சள் நரம்பு நோய், மிளகாயில் இலைச்சுருள். வைரஸ் பிடித்த வெண்டியை இரக்கப்பட்டு வைத்திருக்காதீர்கள், பிடுங்கி எரித்துவிடுங்கள், பக்கத்துச் செடிகளாவது மிஞ்சும். வேப்பெண்ணெயையும் கொஞ்சம் சவர்க்காரத்தையும் தண்ணீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி பின்னேரத்தில் அடிப்பது ஆரம்பத்தில் உதவும். பாவற்காயில் பழ ஈ குத்தாமல் இருக்கப் பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்டுவதைத் தவிர நம்பகமான வழி எதையும் நான் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது நோயுற்ற இலையைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம்.

பை எடுத்தாலும் நிலம் எடுத்தாலும் எப்போது தொடங்குவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மழைக்கு முன் நடுவதென்றால் ஆவணி கடைசியில் நாற்றுப் போட்டு, புரட்டாதி முடிவில் நட்டு, அடைமழைக்கு முன் செடி வேரூன்ற வேண்டும். மிளகாய், கத்தரி நாற்றுக்கு நான்கைந்து வாரம் வேண்டும், தக்காளிக்கு மூன்று வாரம் போதும். பிந்தினால் சின்னச் செடி மழையில் அடிபடும். இரண்டாவது வழி, கார்த்திகையில் தாழ்வாரத்துக்குள் நாற்று வளர்த்து மார்கழி கடைசியில், தை முதலில் நடுவது. மழையின் உக்கிரம் போயிருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், இரவு குளிர்ச்சியாக இருக்கும். தக்காளிக்கு நம் ஊரில் இதைவிடச் சிறந்த காலம் கிடையாது. களி மண் வளவில் பை வாங்க வசதி இல்லாதவர்கள் இந்தப் பின்மழை நடுகையை எடுங்கள். வெள்ளத்தோடு போராடாமலே மாசி பங்குனியில் காய் ஆயலாம்.

வேலைக்குப் போகிறவர்கள், தண்ணீர் ஊற்ற வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்கள் கோடையில் ஒரு பை கூட வைக்க வேண்டாம். ஐந்தாறு குழியும் ஒரு பயற்றைப் பந்தலும் போதும். உவர்மலை போலக் கல் நிலத்தில் இருப்பவர்களுக்கு அலவாங்கு போட்டாலும் குழி இறங்காது. அவர்களுக்குக் கோடையில் ரெஜிபோம் பெட்டி, மாரியில் பை என்பதுதான் வழி. களி மண்காரர்களுக்கு மாரியில் பை, கோடையில் குழி. மணல்காரர்களுக்கு இரண்டு பருவத்திலும் நிலம், நோய் வந்த பயிருக்கு மட்டும் பை.

பங்குனியில் பைப் பயிர் ஓய்ந்ததும் பைகளை அப்படியே வெயிலில் விடாதீர்கள். மண்ணைக் கொட்டி, வேரைப் பொறுக்கி எடுத்து, கோடைக் குழிகளின் மேல் அடுக்காக அதைப் போடுங்கள். தக்காளி நின்ற மண்ணைக் கத்தரிக் குழிக்குப் போடாமல் பயற்றைக்கும் பூசணிக்கும் கொடுங்கள், வாடல் நோய் வந்த மண்ணை வளவுக்குள் எங்கும் சேர்க்க வேண்டாம். வெறும் பையைக் கழுவி மடித்து நிழலில் வைத்தால் அடுத்த புரட்டாதிக்கும் அதே பை உதவும்.